உழைச்செல்வான்: யாழ்ப்பாணத்தில் மருந்துக் கல்வி வளர்ந்த வரலாறு

திருவள்ளுவர் 'மருந்து' என்னும் அதிகாரத்தின் இறுதியிலே மருத்துவத்தை நான்கு உறுப்புக்களாக வகுத்தார். நோயுற்றவன் ஒருவன், நோயைத் தீர்ப்பவன் ஒருவன், மருந்து ஒன்று, உழைச்செல்வான் ஒருவன். முதல் மூன்றன் பொருளில் ஐயம் இல்லை. நான்காவதன் பொருளிலேதான் இருவகைக் கருத்து உண்டு. பரிமேலழகர் அவனை மருந்தைப் பிழையின்றிச் செய்பவனாகக் கொண்டார். 'உழை' என்பது பக்கம் என்னும் பொருள் தருதலின், நோயாளியின் பக்கத்தே நின்று வேண்டுவன செய்பவன் என்று கொள்வாரும் உளர்.

மருத்துவரின் வரலாற்றை எழுதுவோர் இந்நான்காமவரை ஒரு மூலையிலே நிறுத்திவிட்டுச் செல்வது வழக்கம். ஆயினும், ஒரு நாட்டில் மருந்து எவ்வாறு செய்யப்பட்டது, அதன் தரத்துக்குப் பொறுப்பு நின்றவர் யார், அவர் அதனை எங்கே, எம்மொழியிற் கற்றார் என்னும் வினாக்கள் அந்நாட்டு மக்களின் உயிரோடு தொடர்புடையன. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலே இன்று மருந்தாக்கவியல் நான்காண்டுச் சிறப்புப் பட்டமாகக் கற்பிக்கப்படுகின்றது. அப்பட்டம் வெறுநிலத்தில் முளைத்ததன்று. அதற்குப் பின்னால் ஒரு நெடிய வரலாறு உண்டு. அவ்வரலாற்றைச் சுருக்கமாக நோக்குவதும், அது இன்றைய மாணவர்க்கு விட்டுச் சென்ற கடமை யாதென ஆராய்வதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பரியாரியாரும் கல்வமும்

மேனாட்டு வைத்தியம் இங்கு வருமுன் யாழ்ப்பாணத்து மக்கள் நாடிச் சென்றது பரியாரியாரையே. ஆரியச் சக்கரவர்த்திகள் காலத்தோடு தொடர்புபடுத்தப்படும் செகராசசேகரம், பரராசசேகரம் ஆகிய வைத்திய நூல்கள் இந்நாட்டு மருத்துவ அறிவின் பழமைக்குச் சான்றாக நிற்கின்றன. ஏட்டுச் சுவடிகளிற் சிதறிக் கிடந்த இவற்றைத் திரட்டி, இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியிலே அச்சேற்றிய பெருமை ஏழாலை ஐ. பொன்னையாபிள்ளையைச் சாரும்.

அம்முறையிலே நோயை நிதானிப்பவரும் மருந்தைச் செய்பவரும் ஒருவரே. மூலிகையை இனங்கண்டு பறித்தல், கடைச்சரக்கைச் சுத்தி செய்தல், கல்வத்தில் அரைத்துக் குளிகையாக்குதல், சூரணம் இடித்தல், எண்ணெய் காய்ச்சிப் பதம் பார்த்தல் என்னும் தொழில்கள் யாவும் பரியாரியார் வீட்டு முற்றத்திலேயே நடைபெற்றன. மாணவன் பல ஆண்டு உடனிருந்து, கண்ணாலும் மூக்காலும் கைவிரலாலும் அவற்றைக் கற்றான். குன்றிமணியும் மஞ்சாடியும் கழஞ்சும் அவனுக்கு அளவைகளாயின.

இங்கே இரண்டு செய்திகளை மனத்திற் கொள்ளல் வேண்டும். முதலாவது, மருந்து பிழைத்தால் பழி யாரைச் சாரும் என்பதில் ஐயமே இருக்கவில்லை. செய்தவரும் கொடுத்தவரும் ஒருவராதலின் பழியும் அவருடையதே. இரண்டாவது, மருந்தைக் கையிற் கொடுப்பதோடு அவர் தொழில் முடியவில்லை. இதனைத் தேனிற் குழைத்து உண்க, இதனை வெந்நீரிற் கொள்க என அனுபானம் கூறினார். புளியை நீக்குக, இன்ன நாள்வரை இன்னது உண்ணற்க எனப் பத்தியம் விதித்தார். மருந்தின் பயன் அதனை உட்கொள்ளும் முறையிலும் தங்கியுள்ளது என்பதை அவர் அறிந்திருந்தார். அதனை நோயாளிக்கு விளங்கும் தமிழிலே சொன்னார்.

இம்முறைக்குக் குறைகளும் இருந்தன. ஒருவர் கைபாகம் இன்னொருவர்க்கு வாய்ப்பதில்லை. ஒரே பெயருடைய குளிகை இரு வீடுகளிலே இரு வகையாக அமைதல் கூடும். நல்ல முறை சிலவேளை குடும்ப இரகசியமாகவே மறைந்தொழிந்தது. அளந்து, சோதித்து, பலரும் அறிய எழுதிவைத்து, யார் செய்யினும் ஒரே பயன் தருமாறு மருந்தை ஆக்குதல் என்னும் எண்ணம் வேறொரு வழியாக இந்நாட்டுக்கு வந்தது.

மானிப்பாயிலே கிறீன்

ஐக்கிய அமெரிக்காவின் மசாசுசெற்ஸ் மாநிலத்தைச் சேர்ந்த வூஸ்ரர் என்னும் ஊரிலே 1822இற் பிறந்த சாமுவேல் பிஸ்க் கிறீன், அமெரிக்க மிசனின் மருத்துவராக 1847இல் யாழ்ப்பாணம் வந்தார். அடுத்த ஆண்டிலே மானிப்பாயில் வைத்தியசாலை நடத்தவும் மாணவர்க்கு மருத்துவம் கற்பிக்கவும் தொடங்கினார். கொழும்பிலே அரசாங்க மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது 1870இலே என்பதை நினைக்குமிடத்து, மானிப்பாயின் முந்துரிமை விளங்கும்.

முதலில் ஆங்கிலத்திற் கற்பித்த கிறீன், பின்னர் தமிழுக்கு மாறினார். 1862 முதல் 1873 வரையான அவருடைய இரண்டாம் வருகைக் காலமே தமிழ்வழி மருத்துவக் கல்வியின் சிறந்த காலம். ஆங்கிலத்திற் கற்றவன் உத்தியோகத்தை நாடிப் பிறவூர் சென்றுவிடுவான், தமிழிற் கற்றவன் தன் ஊரிலேயே நின்று தன் மக்களுக்குத் தொண்டு செய்வான் என்பது அவர் கருத்து. அவரிடம் பயின்று மருத்துவரானோர் அறுபதுக்கு மேற்பட்டோர்.

கிறீன் தாமும் தம் மாணவருமாக மொழிபெயர்த்தவை நாலாயிரம் பக்கங்களுக்கு மேற்படும். 1867இல் வெளிவந்த 'இரணவைத்தியம்', 1875இல் வெளிவந்த 'கெமிஸ்தம்', 1883இல் வெளிவந்த 'மனுஷ சுகரணம்' முதலியன அவற்றுட் சில. எமது பொருளுக்கு இவற்றுள் இரண்டு நூல்கள் சிறப்பாக வேண்டப்படுவன.

ஒன்று 'கெமிஸ்தம்'. அது இரசாயன நூல். 'கெமிஸ்ற்றி' என்னும் அந்நியச் சொல்லைத் தமிழின் வாய்க்கு ஏற்ப வளைத்து அவர் இட்ட பெயரே அவர் முறையை உணர்த்தும். தமிழிற் சொல் இருப்பின் அதனை எடுத்தல், இல்லையெனின் வடசொல்லை நாடுதல், அதுவும் இல்லையெனின் மேனாட்டுச் சொல்லைத் தமிழோசைக்கு இணக்கிக் கொள்ளல் என்பது அம்முறை. சொற்கள் நிலைபெறுதற்பொருட்டுச் சொற்றொகுதிகளையும் அவர் வெளியிட்டார்.

மற்றையது 'இந்து பதார்த்தசாரம்'. எட்வேட் ஜோன் வேறிங் என்பவரைப் பதிப்பாசிரியராகக் கொண்டு 1868இல் வெளிவந்த 'இந்திய மருந்து நூல்' இதற்கு மூலம். மருந்து நூல் என்பது வெறும் மருந்துப் பட்டியல் அன்று. ஒவ்வொரு சரக்கின் தோற்றம், குணம், தூய்மை, செய்முறை, கொடுக்கும் அளவு என்பவற்றைத் தரப்படுத்தி உரைப்பது அது. வேறிங்கின் நூல் மேனாட்டு மருந்துகளோடு இந்திய மூலிகைகளையும் ஏற்றுக் கொண்டது. அதற்கு அனுபந்தமாக முகியித்தீன் ஷெரீப் என்னும் மருத்துவர் 1869இல் சென்னையில் வெளியிட்ட நூல், மூலிகைகளின் பெயர்களைத் தமிழ் உட்பட இந்திய மொழிகள் பலவற்றிலே தந்தது. இத்தகைய நூலொன்றைத் தமிழாக்கும் பணியிலேயே கிறீன் தம் வாழ்நாளின் இறுதிக் காலத்தை, தாயகம் திரும்பிய பின்னரும், செலவிட்டார். 1884இல் அவர் காலமானார்.

பரியாரியாரின் கைபாகத்தையும் மேனாட்டாரின் தராசையும் ஒரே தமிழ்ப் பக்கத்திற் சந்திக்கச் செய்த முயற்சி என இதனைக் கூறலாம். ஆயினும் மானிப்பாயிலே மருந்தறிவு மருத்துவனுக்குரிய கல்வியின் ஒரு பகுதியாகவே கற்பிக்கப்பட்டது. மருந்தாளர் என ஒரு தனிப் புலமையாளர் அங்கே உருவாகவில்லை. கிறீன் சென்ற பின் தமிழ்வழி மருத்துவக் கல்வியும் நிலைக்கவில்லை. கொழும்பின் ஆங்கிலக் கல்வி மேலோங்கிற்று.

பிறநாடுகளில் நேர்ந்த பிரிவு

மருத்துவனையும் மருந்து செய்பவனையும் வெவ்வேறு தொழிலினராகப் பிரித்தல் ஐரோப்பாவிலே பழைய வழக்கம். சிசிலியை ஆண்ட இரண்டாம் பிரெடெரிக் பேரரசன் பதின்மூன்றாம் நூற்றாண்டின் முற்பாதியிலே இயற்றிய சட்டங்கள், மருத்துவன் மருந்து விற்பவனோடு வாணிகக் கூட்டுச் சேர்தலைத் தடுத்தன. இதன் நியாயம் எளிது. மருந்தை விற்று ஊதியம் பெறுபவனே மருந்தை விதிப்பவனுமாயின், நோயாளிக்கு வேண்டாத மருந்தும் விதிக்கப்படலாம். அன்றியும், ஒருவர் எழுதியதை இன்னொருவர் சரிபார்த்தால் தவறு குறையும்.

இப்பிரிவினால் விளைந்த பயன் வாணிக ஒழுக்கத்தோடு நிற்கவில்லை. மருந்தையே வாழ்நாட் பொருளாகக் கொண்ட கூட்டத்தாரிடம் இருந்து இரசாயன விஞ்ஞானத்தின் அரிய கண்டுபிடிப்புக்கள் தோன்றின. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே அபினியிலிருந்து மோர்பீனைப் பிரித்தெடுத்த சேர்ட்டூர்னர், மருந்துக்கடை ஒன்றிற் பயிற்சி பெற்ற ஜேர்மானிய இளைஞர். 1820இல் சிங்கோனாப் பட்டையிலிருந்து குவினைனைப் பிரித்த பெல்லற்றியே, கவாந்து என்னும் பிரெஞ்சுக்காரர் இருவரும் மருந்தாளரே. இலங்கையின் மலைநாட்டிலே ஹக்கலைத் தோட்டம் 1861இல் தொடங்கப்பட்டதும் அச்சிங்கோனாவைப் பயிரிடும் பொருட்டேயாம். பட்டையை இடித்துக் கொடுத்த காலத்திலே அதனுள் மருந்து எவ்வளவு என்பது தெரியாது. பிரித்தெடுத்து நிறுத்த பின்னரே அளவு என்பது உண்மைப் பொருள் பெற்றது.

மருந்துக் கல்விக்குத் தனிக் கல்லூரிகளும் எழுந்தன. ஐக்கிய அமெரிக்காவில் பிலடெல்பியா மருந்தாக்கக் கல்லூரி 1821இல் தோன்றியது. பிரித்தானியாவில் மருந்தாளர் சங்கம் 1841இல் நிறுவப்பட்டது. எனினும் அறிவு வளர்ந்த நாடுகளிலும் பொறுப்பு நழுவிய இடத்தில் மக்கள் மாண்டனர். 1937இல் அமெரிக்காவிலே 'சல்பனிலமைட்' என்னும் மருந்தை இனிய பானமாக்கும் பொருட்டு, நிறுவனம் ஒன்று டைஎதிலீன் கிளைக்கோல் என்னும் திரவத்திற் கரைத்து விற்றது. அத்திரவம் நஞ்சு என்பதைச் சோதித்தறிவார் இல்லை. நூற்றுக்கு மேற்பட்டோர், அவருட் பலர் சிறுவர், உயிரிழந்தனர். மருந்து நல்லதாயினும் அதனை ஆக்கும் முறை பிழைப்பின் அது நஞ்சாகும் என்னும் பாடத்தை உலகம் இவ்வாறு பெரும் விலை கொடுத்துக் கற்றது. அதே நஞ்சு கலந்த பாணி மருந்துகளாற் காம்பியா நாட்டிலே 2022இலும் குழந்தைகள் இறந்தமை, அப்பாடம் முற்றாகக் கற்கப்படவில்லை என்பதைக் காட்டுகின்றது.

அப்போதிக்கரியும் போத்தல் மருந்தும்

பிரித்தானிய ஆட்சிக் கால இலங்கையிலே மேற்கூறிய பிரிவு முழுமை பெறவில்லை. அரசாங்க வைத்தியசாலைகளிலும் நாட்டுப்புற மருந்துச்சாலைகளிலும் கடமையாற்றிய அப்போதிக்கரிமார் நோயும் பார்த்தனர், மருந்தும் கொடுத்தனர். யாழ்ப்பாணத்திலே அரசாங்க அதிபராயிருந்த டைக் என்பவரின் முயற்சியால் 1850இல் எழுந்த வைத்தியசாலை, பின்னர் அரசாங்கத்தின் பொறுப்பில் வந்து, இன்று யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையாக விளங்குகின்றது. இத்தகைய இடங்களிலே சிறு சாளரமொன்றின் பின்னின்று மருந்தைக் கலந்து கொடுத்தவரே மக்களின் கண்ணிற்கு மருந்துக் கல்வியின் உருவமாயினர். நோயாளர் வெறும் போத்தலோடு வந்து வரிசையில் நின்று கலவை மருந்தைப் பெற்றுச் சென்றனர்.

மருந்துக்கடையில் தொழில் புரிய விரும்பியோர்க்கு வேறொரு வழி இருந்தது. பதிவுபெற்ற மருந்தாளர் ஒருவரின் கீழ்ப் பயின்று, இலங்கை மருத்துவக் கல்லூரிப் பேரவை நடத்தும் பரீட்சையிலே தேறி, மருந்தாளராகப் பதிவு பெறுவது அது. இம்முறையிலே தேறிய பலர் கண்ணியமும் கவனமும் உடையோராய்த் தம் ஊர்க்கு உழைத்தனர். அவர் தொண்டைக் குறைத்து மதிப்பிடுதல் முறையன்று. ஆயினும் அக்கல்வி, விதித்ததைப் பிழையின்றிக் கொடுக்கும் திறனைத் தந்ததேயன்றி, விதித்ததைக் குறித்து மருத்துவரோடு ஒப்ப நின்று உசாவும் தகுதியைத் தரவில்லை. மருந்து எவ்வாறு உடலிற் சேர்கின்றது, எவ்வாறு கழிகின்றது, ஒன்றோடொன்று எவ்வாறு முரண்படுகின்றது என ஆராயும் வாய்ப்பு அங்கே அரிது.

காசியிலே தோன்றிய பட்டம்

மருந்துக் கல்வியைப் பல்கலைக்கழகப் பட்டமாக உயர்த்திய முயற்சி எமது அயல்நாட்டிலே தோன்றிய வரலாறு அறியத்தக்கது. இந்தியாவில் விற்கப்படும் மருந்துகளின் கலப்படம் பற்றி எழுந்த முறைப்பாடுகளை ஆராய 1930இல் கர்னல் ஆர். என். சோப்ராவின் தலைமையிலே ஒரு குழு அமைக்கப்பட்டது. மறு ஆண்டில் அது தன் அறிக்கையைச் சமர்ப்பித்தது. மருந்தின் தரத்தைக் காக்கச் சட்டம் வேண்டும் என்பதோடு, அத்தரத்தை அறிந்து பேணும் கல்வியுடைய தொழிலினர் வேண்டும் என்பதையும் அக்குழு வற்புறுத்தியது.

இவ்வேளையிலேயே மாளவியர் நிறுவிய காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் மகாதேவ லால் ஷ்ரோப் 1932இல் மருந்தாக்க இரசாயனத்தைப் பாடமாகத் தொடக்கினார். 1937இல் அது மருந்தாக்கவியற் பட்டமாக முழுமை பெற்றது. இந்தியாவின் மருந்துச் சட்டம் 1940இலும், மருந்தாளர் கல்வியை ஒழுங்குபடுத்தும் சட்டம் 1948இலும் வந்தன. சட்டம் வருமுன்னரே கல்வி வந்துவிட்டது என்பது இங்கே கருதத்தக்கது. கற்றோர் இல்லாத நாட்டிலே தரத்தைக் காக்கும் சட்டம் ஏட்டிலேயே கிடக்கும்.

பிபிலே காட்டிய வழி

இலங்கையிலே மருந்தைப் பற்றிய சிந்தனையைத் திருப்பியவர் பேராசிரியர் சேனக பிபிலே (1920–1977). இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் மருந்தியற் பேராசிரியர் அவர். ஒரே மருந்து பல வாணிகப் பெயர்களிற் பல விலைக்கு விற்கப்படுவதையும், பயனற்ற மருந்துகள் நாட்டின் செல்வத்தை உறிஞ்சுவதையும் அவர் கண்டார். 1971இல் அவரும் டாக்டர் எஸ். ஏ. விக்கிரமசிங்கவும் அளித்த அறிக்கையின் பயனாக அரசாங்க மருந்துக் கூட்டுத்தாபனம் தோன்றியது. பிபிலேயே அதன் முதல் தலைவரானார். வேண்டிய மருந்துகளை மட்டும் தெரிந்தெடுத்தல், வாணிகப் பெயரை விடுத்து மருந்தின் பொதுப் பெயரையே வழங்குதல், உலகச் சந்தையிற் கேள்விப்பத்திரம் கோரி மொத்தமாக வாங்குதல் என்பன அவருடைய முறைகள். உலக சுகாதார நிறுவனம் தன் முதலாவது அத்தியாவசிய மருந்துப் பட்டியலை வெளியிட்ட 1977ஆம் ஆண்டிலேயே அவர் கயானாவிற் காலமானார். சிறிய நாடொன்று பெரிய உலகுக்கு வழிகாட்டிய நிகழ்ச்சி இது.

பிபிலேயின் கொள்கையை மருத்துவர் மட்டும் நின்று நிறைவேற்றல் இயலாது. எம்மருந்து வேண்டும், எவ்வளவு வேண்டும், வந்த மருந்து தரமுடையதா, எங்கே எவ்வெப்பநிலையில் வைத்தல் வேண்டும் என்பவற்றை அறிந்தோர் நாடெங்கும் வேண்டும். யாழ்ப்பாணம் இதனைத் துன்பத்தின் வாயிலாக உணர்ந்தது. 1990இல் போர் மீண்டும் மூண்ட பின் வடபகுதிக்கு வரும் பொருள்கள் மீது கட்டுப்பாடுகள் விதிக்கப்பட்டன. மின்சாரம் இல்லை, மருந்து வரையறுத்த அளவிலேயே வந்தது. இன்சுலின் இரண்டு முதல் எட்டுப் பாகை வரையான குளிரிலே பேணப்பட வேண்டியது. மின்சாரமில்லாத ஊரிலே அதனைப் பேணுவது எவ்வளவு அரிது என்பது கூறாமலே விளங்கும். உள்ள மருந்தை யாருக்கு முதலிற் கொடுப்பது, இல்லாத மருந்துக்கு ஈடாக எதனைக் கொடுக்கலாம் என்னும் வினாக்கள் அந்நாட்களிலே புத்தக வினாக்களாக இருக்கவில்லை.

பட்டப்படிப்பின் தோற்றமும் இயல்பும்

யாழ்ப்பாணத்திலே 1974இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் வளாகம் திறக்கப்பட்டது. 1978இல் மருத்துவ பீடம் தொடங்கியது. 1979இல் வளாகம் தனிப் பல்கலைக்கழகமாயிற்று. 1984இல் சித்த மருத்துவப் பிரிவு எழுந்தது. மருந்தாக்கவியல், தாதியியல், மருத்துவ ஆய்வுகூட விஞ்ஞானம் என்னும் பட்டப்படிப்புக்கள் இந்நூற்றாண்டின் முதற் பத்தாண்டிலே மருத்துவ பீடத்தைச் சார்ந்து தொடங்கிப் பின்னர் வளர்ச்சி பெற்றன. கிறீன் பல தலைமுறைக்கு முன் மானிப்பாயில் இட்ட வித்துக்கும் இதற்கும் நேரான தொடர்ச்சி இல்லையாயினும், இரண்டுக்கும் இடையே சில மைல் தூரமே என்பதை எண்ணும்போது வரலாற்றின் போக்கு வியப்பளிக்கின்றது.

உயர்தர வகுப்பிலே உயிரியற் பிரிவிற் கற்ற மாணவர் இப்பட்டத்துக்குத் தெரிவு செய்யப்படுகின்றனர். அவர் நான்காண்டு கற்பவற்றை நான்கு வினாக்களாகச் சுருக்கிக் கூறலாம். மருந்து எதனால் ஆனது என்பதை மருந்தாக்க இரசாயனமும், தாவரங்களிலும் பிறவற்றிலும் உள்ள மருந்துப் பொருள்களை ஆராயும் இயலும் கூறுகின்றன. அதனைக் குளிகையாகவும் பாணியாகவும் களிம்பாகவும் ஊசிமருந்தாகவும் எவ்வாறு ஆக்குவது என்பதை மருந்தாக்கத் தொழினுட்பம் கற்பிக்கின்றது. அது உடலிலே என் செய்கின்றது, உடல் அதனை என் செய்கின்றது என்பன மருந்தியலின்பாற்படும். அதனை இந்நோயாளிக்கு எவ்வாறு பயன்படுத்துவது என்பது மருத்துவமனையில் நின்று கற்கும் மருந்தாளர் பயிற்சி. முன்னைய மூன்றும் பரிமேலழகர் கொண்ட பொருளுக்கும், நான்காவது 'பக்கத்தே நிற்பவன்' என்னும் பொருளுக்கும் உரியன என்பதைக் கற்றோர் எளிதில் உணர்வர். வள்ளுவர் சொல்லின் இரு பொருளும் ஒரு பட்டத்திலே ஒன்றாயின.

இக்கல்வியின் வேண்டுகை நாளும் பெருகுகின்றது. முற்காலத்திற் காய்ச்சலுக்கு ஒரு கலவை பெற்றவர் இன்று நீரிழிவுக்கும் குருதி அமுக்கத்துக்கும் இருதய நோய்க்குமாகப் பல மருந்துகளை ஆண்டுக்கணக்கில் உண்கின்றார். பரசிற்றமோல் என்னும் எளிய மருந்தே பல வாணிகப் பெயர்களில் விற்கப்படுதலின், ஒருவர் அறியாமலே அதனை இருமடங்காக உண்டு ஈரலைக் கெடுத்துக்கொள்ளுதல் கூடும். குருதி உறைதலைத் தடுக்கும் வார்பரின் போன்ற மருந்தின் பயன் வேறு மருந்துகளால் மட்டுமன்றி உணவினாலும் கூடிக் குறையும். உயிர்க்கொல்லி நுண்ணுயிர்களை அழிக்கும் மருந்தை இடையில் நிறுத்துதலாலும் வேண்டாதவிடத்து உண்ணுதலாலும் வரும் கேடு, ஒருவரோடு நில்லாது ஊரையும் சாரும்.

நாட்டின் சட்டமும் இத்துறையை வேண்டி நிற்கின்றது. 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தினால் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபை அமைக்கப்பட்டது. எனினும் 2022இன் பொருளாதார நெருக்கடியில் அத்தியாவசிய மருந்துகளே கிடையாமற் போயின. 2023இலே போலியான இம்யூனோகுளோபியூலின் அரசாங்க வைத்தியசாலைகளுக்குள் வந்தமை வெளிப்பட்டு, வழக்கு நீதிமன்றம் வரை சென்றது. காசி வரலாற்றிற் கண்ட உண்மை இங்கும் பொருந்தும். சட்டத்தின் கண்கள் கற்ற மனிதரின் கண்களே.

மாணவர் முன் நிற்கும் கடமை

இவ்வரலாற்றைத் தொகுத்து நோக்குமிடத்து ஓர் உண்மை புலப்படும். பரியாரியாரிடத்தே பொறுப்பும் இருந்தது. மக்கள் மொழியும் இருந்தது. தரப்படுத்திய அளவு இல்லை. கிறீன் அளவைத் தமிழிலே தர முயன்றார். மருந்தறிவைத் தனித் துறையாக்கவில்லை. பிரித்தானியர் காலத்து மருந்துச்சாலை அளவைத் தந்தது. நோயாளியோடு பேசுதற்கு ஓய்வையும் உரிமையையும் தரவில்லை. இன்றைய பட்டம் அளவையும் தனிப் புலமையையும் பொறுப்பையும் ஒருங்கே தருகின்றது. ஆயின், அது ஆங்கிலத்திலே கற்பிக்கப்படுகின்றது.

ஆங்கிலத்தை வெறுத்து ஒதுக்குக என்று கூறுவார் அல்லேம். உலகின் மருந்தறிவு நாளும் புதுப்பிக்கப்படுவது அம்மொழியிலேயே. அதனைக் கைவிடின் மாணவர் பின்னடைவர். ஆனால் மருந்தைப் பெறும் மூதாட்டி அம்மொழியை அறியார். 'உணவுக்கு முன்னோ, பின்னோ? பாலோடு கொள்ளலாமோ? பரியாரியார் தந்த சூரணத்தையும் கூட உண்ணலாமோ?' என்று அவர் கேட்பது தமிழிலேயே. அவ்வினாக்களுக்குச் சரியான விடை தமிழிற் பிறவாதாயின், நான்காண்டுக் கல்வி அவ்வாயிற்படியிலேயே நின்றுவிடும். மருந்துறையில் ஆங்கில எழுத்திற் பொறித்த குறிப்பு ஓதப்படாத மந்திரத்தை ஒக்கும்.

ஆதலின் மருந்தாக்கவியல் கற்கும் மாணவர்க்கு மூன்று கடமைகள் உள எனலாம். தாம் கற்கும் கலைச்சொற்களை நோயாளிக்கு விளங்கும் தமிழிலே சொல்லப் பயிலுதல் முதலாவது. கிறீன் விட்ட இடத்திலிருந்து, எளிய தமிழில் மருந்துக் கைந்நூல்களை ஆக்குதல் இரண்டாவது. கைதடியிலே வளரும் சித்த மருத்துவக் கல்வியோடு கைகோத்து, எமது மூலிகைகளை இரசாயன முறையிற் சோதித்து, உள்ளதை உள்ளதென்றும் இல்லதை இல்லதென்றும் அஞ்சாது உரைத்தல் மூன்றாவது. அனுபானமும் பத்தியமும் கூறிய மரபில் வந்தோர்க்கு நோயாளியோடு பேசுதல் புதிய கலை அன்று.

கற்றோர் கடல் கடந்து செல்லும் காலம் இது. ஆங்கிலத்திற் கற்றவன் ஊரைவிட்டுப் போவான் எனக் கிறீன் அஞ்சிய அச்சம் இன்னும் தீரவில்லை. செல்வோரைத் தடுத்தல் எவராலும் இயலாது. அவர்க்கும் குடும்பக் கடன்கள் உண்டு. எனினும் எமது கல்லூரி வகுப்புக்களிலே இரசாயனமும் உயிரியலும் கற்கும் இளைஞருட் சிலரேனும், மருத்துவ பீடம் கிட்டாதவிடத்து ஏற்கும் இரண்டாந்தரப் பேறாக இத்துறையைக் கருதாது, தன்னளவிலே சிறந்த புலமையாகக் கருதித் தெரிவாராக. மருத்துவம் நான்கு உறுப்புடையது. அவற்றுள் ஒன்று குறையினும் நோய் தீராது. நான்காம் உறுப்பைக் கற்றோர் கையில் ஒப்படைப்பதற்கு இந்நாடு நெடுங்காலம் காத்திருந்தது. அக்கை பிழையின்றிச் செய்வதாகவும், நோயாளியின் பக்கத்தே நிற்பதாகவும் அமைதல் வேண்டும்.